ஆறு வருஷம் தாங்கும் கட்டில்

பெனிதாலா லாரிக்காரனுக்குப் பட்ட கடன் ஆயிரத்து ஐந்நூற்று அறுபது டாலர். குழந்தைக் கட்டில் ஒன்று, அதற்கு மெத்தை ஒன்று. வாரம் இருபத்தாறு டாலர் வீதம் அறுபது வாரம். அதே கட்டில் கடையில் முந்நூற்றுத் தொண்ணூறுக்குக் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. முந்நூற்றுத் தொண்ணூறை மொத்தமாகப் பார்க்க வழியில்லாதவனுக்குக் கடை இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? ஆக்லாந்து நகரின் தெற்கே எங்கள் ஓதாராவில் பாதி வீட்டுச் சாமான் தவணைக்கு விற்கிற லாரியிலிருந்து இறங்கியதுதான்.

அவனைச் சாதாரண ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். சமோவாத் தீவிலிருந்து பதினேழு வயதில் ஒரு துணிப்பையோடு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வந்து இறங்கியவன். படிப்பு நாலாம் வகுப்பு. ஆனால் ஈரக் கான்கிரீட்டை ஒரு பார்வை பார்த்து, எந்த மூலை எத்தனை விரல்கடை இறங்கியிருக்கிறது என்று சொல்வான். படித்த இன்ஜினீயர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "கிழவன் சொன்னது சரிதான்" என்று எழுந்து போவான். அப்போது அந்தக் 'கிழவனுக்கு' வயது இருபத்தெட்டு. அந்தக் கையால் சொந்த வீடு வாங்கினான். ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும் முதல் ராத்திரி தூக்கம் அவன் வீட்டில்தான். ஒரு சமயம் பன்னிரண்டு பேர். அத்தனை பேருக்கும் படுக்கை போட்டுக் கொடுத்தவன்.

சொந்தப் பிள்ளைக்குப் படுக்கை போடும் வேளை மட்டும் அவனுக்கு வரவில்லை. கல்யாணமாகி இருபது வருஷம் அகெனெசே கர்ப்பம் தரிக்கவில்லை. தரித்தபோது அவளுக்கு நாற்பத்தொன்று, இவனுக்கு ஐம்பத்திரண்டு. அந்த வருஷம் பார்த்துத்தான் கம்பெனி மூடியது, கட்டட வேலைகள் நின்றன, வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றுவிட்ட தம்பியின் கார் ஷெட்டுக்குக் குடி போனார்கள்.

அந்த ஷெட்டின் தளம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவனே ஊற்றியது. மழைத் தண்ணீர் வடிய வாசலைப் பார்த்துச் சரிவு கொடுத்து ஊற்றியிருந்தான். கார் நிற்கப் போகிற இடம் என்று நினைத்து ஊற்றியது.

பிள்ளை ஆறு வாரம் முந்திப் பிறந்தது. பெண். மாசினா என்று பேர் வைத்தார்கள். எங்கள் சமோவா பாஷையில் நிலா. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தது. மூன்றாவது வாரம் நைரி என்ற மாவோரி நர்ஸ் இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் பெரியவரே. ஆனா ஒண்ணு. பாப்பா தனியாப் படுக்கணும். தட்டையா, கெட்டியா ஒரு இடம். தலகாணி கூடாது, பெரியவங்க நடுவுல கூடாது. அந்த இடத்த நான் கண்ணால பாத்தாத்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார்."

"எங்கம்மா ஒன்பது பிள்ளைய பக்கத்துல போட்டு வளத்தா தங்கச்சி."

"உங்கம்மா பாயில போட்டாங்க. நீங்க ஸ்பிரிங் மெத்தையில படுக்கறீங்க. ரெண்டு பேருமா எவ்வளவு எடை இருப்பீங்க?"

அகெனெசே சிரித்துவிட்டாள். "இவர் மட்டும் நூத்தி முப்பது. நான் ரகசியம்."

மறுநாளே பெனிதாலா பழைய சாமான் கடையிலிருந்து பதினைந்து டாலருக்கு ஒரு மரக்கட்டில் தூக்கி வந்தான். மண்டையை உடைத்துக்கொண்டு பேரம் பேசி வாங்கியது. நைரி வந்து பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு குளிர்பான டின்னை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே தள்ளினாள். டின் உள்ளே போய் விழுந்தது.

"டின் போனா உடம்பு போயிடும். தல மாட்டிக்கும். வேண்டாம் பெரியவரே."

பிறகு காரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். துணி அடுக்கி வைப்போமே, அந்த மாதிரி. உள்ளே அளவாக ஒரு மெத்தை, ஒரு விரிப்பு. "இது சும்மாவே தர்றோம். நாலஞ்சு மாசம் வரும். நீங்க படுக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே வெச்சுக்கலாம். பாப்பா கைக்கெட்டுற தூரத்துல இருக்கும், ஆனா மேல புரள முடியாது."

பெனிதாலா அந்தப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். "மார்க்கெட்ல மீன் அள்ளிப் போடுற பெட்டி."

"ஏங்க!" என்றாள் அகெனெசே.

"பன்னெண்டு பேருக்குப் படுக்க போட்டவன் நான். இருபது வருஷம் கழிச்சு வர்ற பிள்ளைய மீன் பெட்டியில போடவா? வேற யாருக்காவது குடு தங்கச்சி."

நைரி போன பிறகு அகெனெசே நிதானமாகத்தான் சொன்னாள். "அஞ்சு மாசம் அதுல தூங்கட்டுங்க. அதுக்குள்ள உங்களுக்கு வேலை வந்துடும். அப்புறம் தங்கத்துலயே கட்டில் செஞ்சு போடுங்க, நான் வேண்டாங்கல."

"அஞ்சு மாசத்துக்கு ஒண்ணு, அப்புறம் ஒண்ணா? வாங்குனா ஒரே தடவ. ஆறு வருஷத்துக்குத் தாங்கணும்."

வியாழக்கிழமை லாரி வந்தது. லாரியின் வயிற்றுக்குள் கடை: அரிசி மூட்டை, செல்போன், போர்வை, டி.வி. ஓட்டுகிறவன் சேவே, எங்கள் சபைப் பாட்டுக் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன். பெனிதாலாவுக்கு நன்றாகத் தெரிந்த பையன். ஊரிலிருந்து வந்த புதிதில் அவன் வீட்டில் மூன்று மாதம் படுத்தவன்.

"இதப் பாருங்கண்ணே. இப்ப தொட்டில். ஒரு வயசானா மெத்தைய இறக்கிக்கலாம். மூணு வயசானா பக்கத்துச் சட்டத்தக் கழட்டிட்டா பள்ளிக்கூடம் போற பிள்ள படுக்குற கட்டில். கம்பி நடுவுல டின்னு போகாது. ஆறு வருஷம் கேரண்டி."

"அறுபது வாரமா?"

"அறுபதே வாரம். கண்ண மூடித் தொறந்தா ஓடிடும்."

பெனிதாலா கையெழுத்துப் போட்டான். படிக்கவில்லை. படித்திருந்தாலும் போட்டிருப்பான்.

கட்டிலை அவனே பாகம் பாகமாகக் கோத்துப் பூட்டினான். நிறுத்தியபோது வாசல் பக்கம் சாய்ந்தது. தளத்தின் சரிவு. பழைய சாமானிலிருந்து தேக்குத் துண்டு ஒன்று எடுத்து, இரண்டாக அறுத்து, இழைத்து, வாசல் பக்கத்து இரண்டு கால்களுக்கும் அடியில் பசை வைத்து ஆணி அடித்தான். மெத்தைமேல் ரசமட்டத்தை வைத்தான். குமிழி நட்ட நடுவில் நின்றது. நைரி வந்து டின்னைத் தள்ளிப் பார்த்தாள், மெத்தையை அமுக்கிப் பார்த்தாள், தாளில் எழுதிக்கொண்டாள்.

"அரண்மனை மாதிரி இருக்கு பெரியவரே."

"அரண்மனைக்கும் தளம் ஊத்தத் தெரியும் எனக்கு."

மாசினா வீட்டுக்கு வந்தாள். இரண்டு கிலோ சொச்சம் எடை, இவன் உள்ளங்கை நீளம் முதுகு. காலை வெயில் ஷெட்டின் ஒரே ஜன்னல் வழியே கட்டில் சட்டத்தில் விழும்போது, அவன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். ஒன்பது வாரம் அப்படி. அங்கங்கே கிடைத்த கூலியில் ஒன்பது தவணையும் நாள் தவறாமல் கட்டினான். அவன் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அந்த ஒன்பது வாரம் என்பேன்.

பிறகு கையில் வேலை இல்லாத இரண்டு வாரம். தவணை நின்றது. மூன்றாவது வாரம் ஒரு சரக்குக் கிட்டங்கிக்குத் தளம் போடும் வேலையில் ஐந்து நாள் கூலி கிடைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் கையில் முந்நூற்றுப் பத்து டாலர்.

மறுநாள் ஞாயிறு, சபையின் புதுக் கூரைக்குக் காணிக்கை. எங்கள் சபையில் உறையை மூடிப் போட்டுவிட்டு நைசாக நகர முடியாது. குடும்பத்தின் பேரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பார்கள். பெனிதாலா குடும்பம் என்றால் முந்நூறு. இருபத்தைந்து வருஷமாக அதற்குக் கீழே வாசித்ததில்லை.

"மொதல்ல கட்டிலுக்குக் குடுங்க" என்றாள் அகெனெசே. "மிச்சத்த அங்க போடுங்க."

"மிச்சத்தையா? 'பெனிதாலா, இருநூறு'ன்னு வாசிக்கிறப்ப உன் காதுல விழாதா?"

"எனக்கு விழட்டும். பாப்பாவுக்கு விழாது."

ஞாயிற்றுக்கிழமை மைக்கில் வாசித்தார்கள். "பெனிதாலா, அகெனெசே, முந்நூறு டாலர்." முன்வரிசையில் தலைகள் ஆடின. போதகர் இவனைப் பார்த்துப் புன்னகைத்தார். அகெனெசே குழந்தையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டு குனிந்தே இருந்தாள்.

திங்கட்கிழமை காலை சேவே வந்தான். லாரியை அணைக்காமல் இறங்கினான்.

"அண்ணே, நேத்து முந்நூறு."

"அது கடவுளுக்கு."

"கடவுள் லாரி அனுப்பலையேண்ணே. மொதலாளில்ல அனுப்புறான். ரெண்டு வாரம் வீட்ல ஆள் இல்லன்னு நானே பொய் எழுதினேன். நேத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற பொண்ணு சபையில மூணாவது வரிசையில உக்காந்திருந்தா. இனி நான் என்னத்த எழுதுறது?"

"ஒரு வாரம் குடு."

"பத்து டாலராவது இருக்கா?"

பத்து டாலர் இருந்தது. அதில் பால் பவுடர் வாங்க வேண்டும். பெனிதாலா அதை எடுக்கவில்லை.

அகெனெசே குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "உன்ன எங்க கூடத்துல படுக்க வெச்சோமே சேவே" என்று மட்டும் சொன்னாள். அவன் கண் கலங்கியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கட்டிலைத் தூக்கினான். ஒற்றை ஆளாக அவனால் முடியவில்லை. மறுமுனையைப் பெனிதாலாதான் பிடித்துக் கொடுத்தான்.

புதன்கிழமை நைரி வந்தாள். இரண்டு நாளாகப் பெனிதாலா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினான், தாய்க்கும் பிள்ளைக்கும் இடம் கிடைக்கட்டும் என்று. பெரியவர்கள் படுக்கிற மெத்தையின் நடுவில் குழந்தை பதிந்த பள்ளம் தெரிந்தது. நைரி அதை அமுக்கிப் பார்த்தாள்.

"மூணரைக் கிலோ கூட வராத பிள்ளை. உங்க பக்கத்துல அசந்து தூங்குனா மூச்சு நிக்கும் அகெனெசே. நான் பயமுறுத்தல. இந்த வருஷம் அப்படிப் பிள்ள போன வீடு ரெண்டு பாத்துட்டேன்."

"அந்தப் பெட்டி…" என்றான் பெனிதாலா. வார்த்தை அவன் வாயிலிருந்து பிடுங்கியெடுத்த மாதிரி வந்தது.

"எல்லாம் குடுத்தாச்சு பெரியவரே. அடுத்தது வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் வேற எங்கயாவது இவளுக்குத் தனிப் படுக்கை இருக்கா?"

"அக்கா வீட்ல இருக்கு. ஹேஸ்டிங்ஸ்ல" என்றாள் அகெனெசே. புருஷனைப் பார்க்கவில்லை.

மறுநாள் குழந்தையோடு ஏழு மணி நேரத் தூரத்து ஹேஸ்டிங்ஸ் ஊருக்கு பஸ் ஏறினாள்.

மூன்று வாரம் கழித்துப் பெனிதாலா தானே நடந்து போய் அந்தப் பெட்டியை வாங்கி, தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். ஃபோன் போட்டான். "பெட்டி வந்துடுச்சு. கூட்டிட்டு வா."

"இங்க பழம் அடைக்கிற தொழிற்சாலையில எனக்கு வேலை கெடச்சிருக்கு. பாப்பா எடை ஏறுது. அக்கா வீட்டுக்காரர் உங்களுக்கும் கேட்டு வெச்சிருக்கார். நீங்க வாங்க."

"கடன்காரனா வந்து சகலை வீட்டு வாசல்ல நிக்கச் சொல்றியா? இந்தக் கடன முடிச்சுட்டு வர்றேன்."

கடனை முடிப்பது, அது ஒன்றைத்தான் அவன் செய்தான். கட்டில் போனால் கடனும் போகும் என்று நினைத்திருந்தான். எடுத்துப்போன கட்டிலுக்கு எழுபது டாலர் மதிப்புப் போட்டுக் கழித்தார்கள். பாக்கி அப்படியே நின்றது. அபராதம், தூக்கிப்போன கூலி, கடிதம் போட்ட கூலி எல்லாம் அதன் தலையில் ஏறின. முட்டி தேய்ந்த மனுஷன் சாரம் கழுவினான், குப்பை அள்ளினான், அடுத்தவன் ஊற்றிய தளத்தைக் கூட்டிப் பெருக்கினான். சபையில் பேர் வாசிக்கிற ஞாயிறுகளில் உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தான். பெட்டி மட்டும் ஷெட்டின் மூலையில், விரிப்பு மடிப்புக் கலையாமல்.

ஏறக்குறைய மூன்று வருஷம். முதலில் ஞாயிறுதோறும் ஃபோன். பிறகு மாதம் ஒன்று. அங்கே குழந்தை, "யாரும்மா அது?" என்று கேட்பது இவன் காதில் விழும். போன மாதம் அகெனெசே சொன்னாள், "வாங்க வாங்கன்னு அப்ப கூப்பிட்டேன். நீங்க கடனத்தான் பெருசா நெனச்சீங்க. இப்ப நான் கூப்பிடல. அவ நல்லாத் தூங்குறா. அத மட்டும் தெரிஞ்சுக்கோங்க."

 ரிசீவரை வைத்துவிட்டு, அந்தத் தளத்தில், தான் கொடுத்த சரிவின்மேல், உட்கார்ந்துவிட்டான்.

கடைசித் தவணை அன்று லாரி தெருமுனையில் நின்றது. அறுபத்தெட்டு டாலர். சேவேவுக்கு முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. பெனிதாலா பணத்தை எடுக்கும்போது லாரிக்குள் பார்த்தான். அரிசி மூட்டைக்கும் டி.வி.க்கும் நடுவே ஒரு குழந்தைக் கட்டில், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு கால்களுக்கு அடியில் தேக்குத் துண்டு. ஆணி துருவேறவில்லை.

"அது…"

"அதேதாண்ணே." சேவே தரையைப் பார்த்தான். "உங்களுக்கப்புறம் நாலு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்துடுச்சு. கால்ல இருக்குற கட்டைய அறுத்துடச் சொன்னான் மொதலாளி. நான்தான் விட்டு வெச்சேன். ஆனா சொன்ன மாதிரியே தாங்குது பாருங்க. ஒரு ஆட்டம் கெடையாது."

"என்ன வெல?"

"அதே வெலதான். வாரம் இருபத்தாறு."

பெனிதாலா ஏறிப் போய்க் கட்டில் சட்டத்தின்மேல் கையை வைத்தான். சமதளத்தில் அது சாய்ந்திருந்தது. அவன் ஷெட்டைத் தவிர உலகத்தில் எந்தத் தளத்திலும் அது நேராக நிற்காது. கையை எடுத்தான். இறங்கினான்.

"கையக் காட்டு."

சேவே உள்ளங்கையை நீட்டினான். பெனிதாலா நிமிர்ந்து நின்று, சபையில் மைக்கில் வாசிக்கிற தோரணையில், ஆளில்லாத தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான். "இருபது. நாப்பது. அறுபது." பிறகு சட்டைப் பையைத் துழாவி நாணயங்களை எடுத்தான். "அறுபத்திரண்டு. அறுபத்தி நாலு. அறுபத்தாறு. அறுபத்தெட்டு."