பாண்டித்துரையின் பெயரில் ஒரு நெஞ்சுவலி

அபுதாபி முசபாவில் சாரம் கட்டுகிற ஆட்களிடம் போய் பாண்டித்துரை ஃபோர்மேன் என்று சொன்னால் தெரியாதவன் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எழுபத்தாறில் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து வந்து இறங்கியவர். வந்தபோது இரும்புக் குழாய் சுமக்கிற கூலி. இப்போது அறுபது பேரை வைத்து வேலை வாங்குகிறார். இன்ஜினியர் காகிதத்தில் கோடு போட்டுச் சொல்வதை அவர் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடுவார். அதைவிடப் பெருமை அவருக்குத் தன் உடம்பின் மேல். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததில்லை என்று, கேட்காதவனையும் நிறுத்தி வைத்துச் சொல்வார்.

அந்த உடம்புக்குத்தான் 2007 ஆகஸ்டில் சோதனை வந்தது.

அரசாங்கம் எல்லோருக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. அட்டை இல்லாவிட்டால் விசா இல்லை. பாண்டித்துரைக்கு பாஸ்போர்ட் கணக்குப்படி ஐம்பத்தேழு. அறுபதோடு விசா நின்றுவிடும்; இப்போது குத்துகிற மூன்று வருஷ விசாதான் கடைசி. அதற்குள் மகள் சந்தியா படிப்பை முடித்துவிடுவாள். அதன்பிறகு ஊருக்குப் போவதில் அவருக்கு வருத்தமில்லை. அர்பாப் என்கிற அரபு முதலாளிக்குக் கம்பெனி காகிதங்களைக் கவனிக்கிற காயல்பட்டினத்து நூஹு, அவரை காரில் ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான்.

"ஃபோர்மேன், ஒண்ணு சொல்லிடுறேன். வயசானவங்களுக்கு ஹார்ட், கிட்னின்னு ஏதாச்சும் இருந்தா அர்பாப் ரினியூ பண்ண யோசிப்பாரு. போன வாரம் ஒரு கார்ப்பெண்டரை கேன்சல் பண்ணியாச்சு."

"யாருகிட்ட சொல்ற? ஒன் அர்பாப மூச்சு வாங்காம இருவதாவது மாடி ஏறச் சொல்லு. நான் மேல நின்னு அவருக்கு டீ போட்டுத் தாரேன்."

நூஹு சிரித்தான். பாண்டித்துரையும் சிரித்தார். அதுதான் அன்றைக்கு அவர் கடைசியாகச் சிரித்தது.

ரத்தம் கொடுத்தாயிற்று. பெயர் கூப்பிட்டதும் நூஹுவை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நர்ஸ் திருநெல்வேலிக்காரி, பெயர் அருணா.

"உக்காருங்க அண்ணாச்சி. ஃபாரத்துல நோய் ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. இந்த ஒடம்புல ஊசி ஏறுனதே விசாவுக்கு ரத்தம் எடுத்தப்பதான்."

அருணா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாயிரத்து நாலுல இங்கதான அட்மிட் ஆயிருக்கீங்க? நெஞ்சுவலி. அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வச்சிருக்கு. ஆறு நாள் படுத்திருக்கீங்க."

அந்த நெஞ்சுவலி யாருடையது என்று பாண்டித்துரைக்குத் தெரியும். ஜெய்னுலாப்தீன்.

குடையை இரவல் கொடுப்பதுபோல அவனுக்குத் தன் ஹெல்த் கார்டைக் கொடுத்துவிட்டு மறந்தே போயிருந்தார். ஜெய்னுலாப்தீன் அவருடைய அறைக்காரன், கீழக்கரை ஆள். இருவரும் மாப்ளே, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். விசா கொடுத்த கஃபீலிடமிருந்து தப்பி வந்து, விசா இல்லாமல் ஒரு மெஸ்ஸில் சமையல் செய்துகொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு வடிக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவனுக்கு ஹெல்த் கார்டு ஏது? பாண்டித்துரை தன் கார்டைக் கொடுத்தார். போட்டோவில் இருப்பது போல மீசையை மட்டும் விட்டு அவன் தாடியை அவரே அவசரமாக மழித்துவிட்டு டாக்சியில் ஏற்றினார். அந்த அறைகளில் ஒருத்தன் கார்டில் இன்னொருத்தன் மருந்து வாங்குவது, செருப்பை மாற்றிப் போட்டுப் போகிற மாதிரி. யாரும் தப்பென்று நினைத்ததில்லை. அந்த ஆறு நாளும் தன் பெயரில் எழுதப்பட்டு இங்கே காத்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நான் இல்லை என்று சொல்லிவிடலாம். உடனே அடுத்த கேள்வி வரும், அப்படியானால் யார் என்று. ஜெய்னுலாப்தீன் விசா இல்லாதவர்களுக்கு அரசாங்கம் அறிவித்த பொது மன்னிப்பில் பேர் கொடுத்து, ஊர் திரும்ப அவுட்பாஸ் வாங்கி, செவ்வாய்க்கிழமை விமானத்துக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறான். இன்று சனி. மூன்றே நாள். விசா மீறலுக்குத்தான் மன்னிப்பு. ஆள்மாறாட்டத்துக்கு யார் மன்னிப்பார்கள்?

நான்தான் என்று சொன்னால், அதை அர்பாபிடம் கொண்டுபோக வெளியே நூஹு உட்கார்ந்திருக்கிறான்.

"என்ன அண்ணாச்சி, ஆமாவா இல்லையா?"

"ஆமாம்மா," என்றார். "நாந்தான். மறந்துபோச்சு."

"நெஞ்சுக்குள்ள கம்பிவலை வச்சது மறந்துபோச்சா? இப்ப என்ன மாத்திரை சாப்பிடுதீங்க?"

பெயர் எங்கே தெரியும்? ஆனால் மூன்று வருஷமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், மாத்திரை போட்டியா மாப்ளே என்று அதட்டிக்கொண்டிருந்தவர் அவர்தானே. கண்ணை மூடி அவன் உள்ளங்கையை நினைத்துப் பார்த்தார்.

"சின்னதா ஒரு வெள்ள. ரோஸ் கலர்ல ஒண்ணு, அதப் பாதியா ஒடைக்கணும். அப்பறம் நீட்டமா ஒண்ணு. அது போட்டா தொட பிடிச்சிக்கிதுன்னு சொல்லுவான்..." நாக்கைக் கடித்தார். "பிடிச்சிக்கிதும்மா. எனக்கு."

அருணா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த ஒரு தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இன்னைக்கு எடுத்த ரத்தம் பி பாசிட்டிவ். அன்னைக்கு எடுத்தது ஏ. ஆளை மாத்தலாம் அண்ணாச்சி, ரத்தத்தை மாத்த முடியுமா?"

முப்பதாவது மாடிப் பலகை காலுக்கடியில் நழுவியபோதுகூட அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு குழாய் இருந்தது, இங்கே அதுவும் இல்லை.

"அந்த ஆளு உசிரோட இருக்காரா?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

பாண்டித்துரையின் தலை ஆமென்று லேசாக அசைந்துவிட்டது.

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். "நாளைக்கு நீங்க சாரத்துலருந்து விழுந்து வந்தா, அவசரத்துல இதைப் பாத்து ஏ ரத்தம் ஏத்திட்டா நீங்க பொழைக்க மாட்டீங்க. அதனால குரூப்பை மட்டும் திருத்திடுதேன், பழசு தப்பா ஏறியிருக்குன்னு. மத்தது நீங்க ஒத்துக்கிட்டது. ஹார்ட் பேஷண்ட்னுதான் போவும். சம்மதமா?"

"போடும்மா."

நோய் உண்டு என்ற கட்டத்தில் அவளே புள்ளி வைத்தாள். கீழே பாண்டித்துரை, தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் எழுத்தான தன் பெயரைப் போட்டார்.

காரை எடுக்கும் முன்பே நூஹு காகிதத்தைப் படித்துவிட்டு, அர்பாபுக்குக் காட்டவேண்டிய ஃபைலில் வைத்தான்.

செவ்வாய்க்கிழமை ஜெய்னுலாப்தீன் ஏறிவிட்டான். பாண்டித்துரை அவனிடம் மூச்சு விடவில்லை. மாத்திரையை விட்டுவிடாதே என்று மட்டும் சொன்னார். அடுத்த பத்து நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அர்பாப் கூப்பிட்டனுப்பினார். முப்பத்தோரு வருஷ ஆள் என்பதற்காகக் கார்டும் விசாவும் உண்டு, ஆனால் உயரத்தில் ஏறுவது கலாஸ், முடிந்தது. தரையில் கிளாம்பு, குழாய் எண்ணிக் கொடுக்கிற ஸ்டோரில் நாற்காலி.

முதல் நாளே மேலேயிருந்து ஒருத்தன் கத்தினான். "ஃபோர்மேன், பாத்து உக்காருங்க. ஹார்ட்டு!"

சிரிப்பு கேட்டது. பாண்டித்துரை நாற்காலியை விட்டு எழுந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏலேய், ஹார்ட்டுல கம்பிய வச்சுக்கிட்டே மூணு வருஷம் இந்த ஊர்ல சாரம் ஏறுனவன்டா நான். ஒனக்குக் கம்பி இல்லாமலே தொட நடுங்குது. மூணாவது கிளாம்ப மொதல்ல முறுக்கு, லூசா இருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். லூசாகத்தான் இருந்தது.