கொடுத்த வழியைத் திருப்பிக் கேட்டபோது

காலை ஆறு இருபதுக்கு லாரி டிரைவர் போன் செய்தார். "அக்கா, வழியில கல்லு நட்டு கம்பி இழுத்துட்டாங்க. வண்டி உள்ள போகாது."

சுனாமிக்கு அடுத்த கோடை அது. மரக்காணத்தில் எங்கள் உப்பளத்தில் அந்தப் பருவத்து உப்பு முழுவதும் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. மேற்கே மேகம் கட்டியிருந்தது. மழை பெய்தால் அத்தனையும் கரைந்துவிடும். கணவர் இறந்த பிறகு அளத்தை நானும் மகன் சேகரும்தான் பார்த்துவந்தோம்.

கம்பி கட்டியவர் பக்கத்து அளக்காரர் ஏழுமலை; அவர் நிலத்தின் வழியாகத்தான் எங்கள் லாரி ரோட்டுக்குப் போகும். முந்தின நாள் எங்கள் லாரிச் சக்கரம் ஏறி அவர் வரப்பு உடைந்திருந்தது. அவர் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் சேறு.

"வருஷா வருஷம் முதல் உப்பு ஒரு கூடை கொண்டாந்து வழி கேட்டீங்க, குடுத்தேன். இனிமே குடுக்கல அண்ணி. அவ்ளோதான்" என்றார், நாங்கள் போய்க் கேட்டதும்.

சேகர் கடப்பாரையைத் தூக்கினான். கல்லைப் பிடுங்கினால் திரும்ப நட்டுக்கொள்ளலாம். பிள்ளை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால்? கடப்பாரையைப் பிடுங்கி டீக்கடையில் போட்டுவிட்டு, அவனைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றி வக்கீலிடம் கூட்டிப்போனேன்.

வக்கீல் பத்திரத்தைப் புரட்டினார். "ஏழுமலையோட அப்பா தன் நிலத்துலேர்ந்து பிரிச்சு வித்ததுதானே இது? ரோட்டுக்கு வேற வழி இருக்குதா?"

"இல்லீங்க. ரெண்டு பக்கம் அடுத்தவங்க பாத்தி, பின்னால கழுவெளி ஏரித் தண்ணி."

"அப்ப இது அனுமதி இல்லம்மா, அவசியத்தால வந்த வழியுரிமை. வெறும் அனுமதின்னா அவர் ரத்து பண்ணலாம். இதை முடியாது. நாளைக்கே உங்களுக்கு வேற பாதை வந்தா, இந்த உரிமை முடிஞ்சிடும். ஆனா ஒண்ணு, வரப்பை உடைச்சா சரி பண்றது உங்க பொறுப்பு."

"கேஸ் எப்ப சார் முடியும்?" என்றான் சேகர்.

"மழைக்கு முன்னாடி முடியாதுப்பா!"

புதிதாக அளம் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வழி எப்படி வந்தது என்று பத்திரம் எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உரிமை உங்களுடையதானாலும் வரப்பு அடுத்தவருடையது.

ஊர் திரும்பியதும் சேகர் கையில் மண்வெட்டியைக் கொடுத்தேன். "உரிமையும் நமக்கு, மண்ணு சுமக்கிறதும் நாமளா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கம்பிக்கு அடியில் குனிந்து போனான். உடைந்த வரப்பில் மண் அள்ளிப் போட ஆரம்பித்தான். சற்று நேரத்தில் ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். நான் இருவருக்கும் நடுவில் ஓடினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"டேய், சும்மா அள்ளிப் போட்டா ஆச்சா? நல்லா மிதிச்சுக் கெட்டி பண்ணு. சாயந்திரம் லாரி வந்தா மறுபடி சரிஞ்சிடும்."