நாக்குக்கு வராத எழுத்து

என் வீட்டுக்காரர் நாரணாபுரம் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் வாத்தியாராக இருந்தார். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள்தான். ஆனாலும் கிணற்றடியில் ‘வாத்தியார் வீட்டம்மா வாறாக’ என்று குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விடுவார்கள். அந்த மரியாதையை லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் நான் இல்லை.

சம்பளம் பத்தவில்லை, அதனால்தான் வேலையை விட்டேன் என்று அவர் ஊரில் சொல்லிக்கொண்டார். ஊரும் நம்பியது. காரணம் அது இல்லை.

எங்கள் பக்கத்து நாக்குக்கு ழகரம் வராது. வாழைப்பழம் எங்களுக்கு வாளைப்பளம். பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர். அவர் வாசிக்கச் சொன்னதும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுபோல் ‘வாளைப்பளம்’ என்றார்கள். நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டுங்கள் என்று இவரைக் கேட்டார். இவரும் அதையேதான் சொன்னார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, அதுகளுக்கு வித்தியாசம் தெரிந்தால்தானே. இன்ஸ்பெக்டர்தான் சிரித்தார்.

அதற்கப்புறம் பாடத்தில் அந்த எழுத்து வந்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாராம். ஒரு மாதம் பார்த்துவிட்டு, சிவகாசி அச்சாபீஸில் பிழை பார்க்கிற வேலைக்குப் போகிறேன் என்றார். இரண்டு நாள் நான் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், “இனிமே என்னைய என்னன்னு கூப்பிடுவாக?” என்று கேட்டேன்.

“உன்னையக் கூப்பிடுறது கெடக்கட்டும் புள்ள. நான் புள்ளைகளுக்குத் தப்பால்ல சொல்லிக் குடுக்கேன்.”

மறுநாள் சிவகாசிக்குக் கிளம்பினவருக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தேன்.

அந்த வருஷத் தீபாவளி சீசனில், பட்டாசுப் பெட்டிக்குள் வைக்கிற வாழ்த்துத் தாளுக்கு ஒரு கம்பெனி ஆர்டர் கொடுத்தது. எழுத்துக் கோர்க்கிறவரும் உள்ளூர்க்காரர். வாயில் வருகிறபடியே ‘தீபாவளி வாள்த்து’ என்று கோர்த்துவிட்டார். மிஷின் ஓடுவதற்கு முன்னால் அது இவர் கண்ணில் பட்டுவிட்டது. முதலாளி தாளை வாங்கிப் பார்த்து, “நல்லவேளை வாத்தியாரே. நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்கு வீடு வெட்டுற வாளையில்ல அனுப்பியிருப்போம்” என்றாராம். அன்றிலிருந்து அச்சாபீஸிலும் அவருக்கு வாத்தியார் என்றே பேர். கிணற்றடியில் எனக்குள்ள இடமும் எங்கேயும் போகவில்லை.

திருத்தி அடித்த தாள் ஒன்றை மை வாசத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் போட்டிருக்கிறதை வாசியுங்கள் என்றேன். அந்த ழகரத்தின்மேல் விரலை வைத்தார். பிறகு மெதுவாக, “வாள்த்து” என்றார்.

“சரியாத்தான சொல்லுறீக” என்றேன். என் காதுக்குச் சரியாகத்தான் இருந்தது.