தங்கத்தின் மேல் நான் ஏற்றிய துரு

சர்ர்... சர்ர்...

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இந்தச் சத்தத்தில்தான் விடியும். என் வீட்டுக்காரர் தோல்வாரில் சவரக்கத்தியைத் தீட்டுவார். இவருடைய அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. மடக்கினால் வெள்ளைப் பிடிக்குள் ஒளிந்துகொள்ளும். வேறு யாரும் தொடக்கூடாது.

ஒரு திருக்கார்த்திகைக்கு முந்தின நாள் குத்துவிளக்குகளைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் சந்தோஷப்படட்டும் என்று அந்தக் கத்தியையும் ஒரு தேய்ப்பு தேய்த்தேன். பளபளவென்று வந்தது. முந்தானையில் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். இவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தால்... கத்தி முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு.

அந்த வாரம் இவருடைய தங்கை தங்கம் வந்து தங்கியிருந்தாள். என் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் பிரதமன் பாயசம் ஊற்றாமல் வாளியோடு கடந்து போனவள். வேறு யாரைச் சந்தேகப்படுவேன்?

கத்தியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"ஏட்டி, இத வச்சு மீனா வெட்டின?"

"இல்ல மைனி... நான்..."

கத்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். அதுவே போதும் எனக்கு.

சாயங்காலமே தன் ஊருக்குத் திருவட்டாறு பஸ் ஏறிவிட்டாள். அதற்குப்பின் எந்தக் கல்யாண வீட்டில் அவளைக் கண்டாலும், நாலு பேர் கேட்க ஒன்று சொல்வேன்: "கத்தியெல்லாம் எடுத்து உள்ள வையிங்க... தங்கம் வந்தாச்சு."

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

நாற்பது வருஷம் சொன்னேன்.

இவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் பேத்தி, துருவோடு அப்படியே மூடிவைத்த அந்தப் பெட்டியைக் கண்டெடுத்தாள். போனில் வீடியோ பார்த்து, எண்ணெய் விட்டு, நைஸான உப்புத்தாளால் கத்தியின் ஒரு பக்கத்தைத் தேய்த்தாள். துரு போய் இரும்பு தெரிந்தது. நான் சும்மா இருப்பேனா? மறுபக்கத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். அதுவும் பளபளத்தது. முந்தானையில் துடைத்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் திறந்தோம். அவள் பக்கம் அப்படியே இருந்தது. என் பக்கம் செம்மண்.

"ஆச்சி, உப்பும் புளியும் போட்டா நல்லா கழுவித் தொடைச்சு எண்ணெய் போடாண்டாமா? இது வெங்கலமா? இரும்புல்லா!"

அவள் சிரித்தாள். எனக்கு அந்தக் கார்த்திகையும் அந்த முந்தானையும் அப்படியே கண்முன் வந்து நின்றன.

இரண்டு நாள் கழித்துத்தான் தங்கத்துக்குப் போன் போட முடிந்தது.

"தங்கம்... அந்தக் கத்தியில புளி போட்டது நான்தாம்ட்டி."

"எனக்கு அப்பமே தெரியும் மைனி. மூக்குக்கு நேரெ நீட்டினியல்லா... புளி மணத்துச்சு."

"பின்ன ஏன்ட்டி சொல்லல்ல?"

"அண்ணன் பின்னால நின்னாவ. அப்பா கத்தி. ஒங்கள விட்டிருப்பாவளா? நான் பஸ் ஏறிப் போறவ. நீங்க அங்கதான கெடக்கணும்."



அன்று புளி மணத்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இத்தனை வருஷம்...

பேத்தி கத்தியை மறுபடி தேய்த்து எண்ணெய் போட்டுவிட்டாள். இப்போது தீட்ட ஆள் இல்லை. பேரன்மார் எல்லாம் டிரிம்மர்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தங்கம் சாப்பிட வருகிறாள். பிரதமன் வைக்கப்போகிறேன்.

"கத்திய எடுத்து உள்ள வைக்கட்டா ஆச்சி?" என்று பேத்தி கேட்டாள்.

வேண்டாம், மேசை மேலேயே கிடக்கட்டும் என்றேன்.