புளியில் ஊறிய பித்தளை

மும்பையில் தாராவியிலிருந்து தினமும் மான்குர்த் வந்து, பிறர் சுட்டுத் தள்ளியதைப் பொறுக்குவது ஆவுடையம்மாளின் வேலை. ஒன்பது வருஷமாக. எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் நான் ஸ்டோர் பொறுப்பாளன்; பெயர் கணேசபாண்டியன், வீடு செம்பூரில். இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் அவளுக்கு நான் அண்ணாச்சி. எனக்கோ அவளிடம் கத்த உரிமை. அந்த உரிமையை நான் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கேஸ் என்போம். லைசென்ஸ் உள்ள கிளப் என்பதால் நல்ல கேஸ்களில் மறுபடி மருந்து ஏற்றிப் பயிற்சிக்குக் கொடுப்பது வழக்கம். அதற்கு முந்தைய வேலையெல்லாம் ஆவுடையம்மாளுடையது. பொறுக்குவாள், சோப்பு வெந்நீரில் கழுவுவாள், உருட்டும் மெஷினில் போட்டு மெருகேற்றுவாள், காயவைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். கீறலோ செம்பு நிறமோ தெரிந்தால் ரிஜெக்ட் டப்பாவுக்குப் போகும். நிறம் மாறிய பித்தளையை நம்பக் கூடாது. துப்பாக்கிக்குள் கேஸ் கிழிந்தால் சுடுகிறவர் கண்ணுக்கே ஆபத்து. அதனால் கடைசியில் நான் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்பக்கத்தையும் பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடவேண்டும்.

குனிந்து குனிந்து அவளுடைய வலது முழங்கால் போய்விட்டது. ஆபரேஷன்தான் வழி என்று சயான் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தினக்கூலிக்கு லீவு ஏது? அந்த மாதம் கமிட்டி அவளைப் பர்மனெண்ட் ஆக்குவதாக இருந்தது.

"ஆர்டர் கைக்கு வந்த மறுநாளே போய் படுத்துக்கிடுவேன் அண்ணாச்சி. ரெண்டு மாசம். நீங்களே குனிஞ்சு பொறுக்குங்க."

"ஆமா, எனக்கு வேற சோலி இல்ல பாரு."

முக்கியமான பயிற்சிச் சுற்றுக்கு மூன்று நாள் இருக்கும்போது மெஷினின் மோட்டார் புகைந்தது. முந்நூறு கேஸ் கறுத்துப்போய்க் கிடந்தது. நான் மோட்டாரைத் திட்டினேன், வராத மெக்கானிக்கைத் திட்டினேன், பக்கத்தில் நின்ற பாவத்துக்கு அவளையும் திட்டினேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் முந்நூறும் மேஜைமேல் தங்கமாக மின்னின.

"எம்மா, என்ன மந்திரம் போட்ட?"

"மந்திரமுமில்ல, மாயமுமில்ல. வெள்ளிக்கெழமைக்கு குத்துவெளக்கு வெளக்குத மாதிரிதான். நேத்து போகும்போது புளியக் கரைச்சு ஊறப் போட்டுட்டுப் போனேன். காலைல வந்து பவுடர் போட்டுத் தேச்சேன்." முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு.

எழுதிவைத்த முறையில் புளி கிடையாது. அது எனக்குத் தெரியும். ஆனால் கையில் எடுத்த நாலைந்தும் அப்படிப் பளபளத்தன. டார்ச்சை டிராயரிலிருந்து எடுக்கவே இல்லை. 'பரிசோதித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் எதிரிலேயே.

பயிற்சி நாளன்று காலை அவள் அந்தப் புளித் தொட்டியைக் கழுவப் போனாள். அடியில் சக்கையோடு ஆறு கேஸ் தப்பிக் கிடந்திருக்கிறது. எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, இதப் பாருங்க. செப்புக்கொடமா செவந்து கெடக்கு. தேய்க்காததுனால தெரியுது. அப்ப அந்த முந்நூறும்?"

முந்நூறிலும் மருந்து ஏற்றியாயிற்று. வெளியே சைனப் என்ற கல்லூரிப் பெண் முதல் வரிசையில் சுட்டுக்கொண்டிருந்தாள். வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் இரு. அரைமணில முடிஞ்சிரும். ஒண்ணும் ஆகாமலும் போகும். ஆர்டர் வார நேரத்துல நீயா போய் மாட்டிக்கிடாத" என்றேன். அவளுக்காகச் சொல்வதாகத்தான் அப்போது நினைத்தேன்.

"அந்தப் புள்ளைக்குக் கண்ணு போனா நீங்க தருவீங்களா?"

காலை இழுத்துக்கொண்டு ஓடினாள். சுடும்போது யாரும் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டைத் தாண்டி, "பந்த் கரோ! நிறுத்துங்க!" என்று கத்தினாள். சிவப்புக் கொடி ஏறியது. சைனப் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் புரியாமல் விழித்தாள். மிச்சமிருந்த தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்ததில் பாதிக்குமேல் உள்ளே சிவந்திருந்தன. அவள் தேய்த்த பவுடர் உள்பக்கம் போகவில்லை.

சாயங்காலம் கமிட்டி கூடியது. செயலாளர் மகாதேவன் மாட்டுங்காக்காரர். குரலை உயர்த்தாமல் கேட்பார்.

"புளி போடச் சொல்லி யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். நானாத்தான் போட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "கணேசபாண்டியன், கையெழுத்து உம்மோடதுதானே? டார்ச் அடிச்சுப் பாத்தீரா?"

"பாத்தேன் சார். அப்ப ஒண்ணும் தெரியல."

சொல்லிவிட்டேன். நாக்கு கூசவில்லை. ஆவுடையம்மாள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் சீட்டு கிழிந்திருக்கும். சுற்றை நிறுத்தியதற்கு அவளைப் பாராட்டினார்கள். அனுமதி இல்லாமல் முறையை மாற்றியதற்காகப் பர்மனெண்ட் ஆர்டரை ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். எனக்கு, இனி கவனமாக இரும் என்று ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

மறுநாள் வழக்கம்போல் வந்துவிட்டாள். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. சுடும் ரேஞ்சில் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். எனக்குத் தூக்கமே இல்லை. என்மேல் வந்த கோபத்தை அவள்மேல்தான் காட்டத் தெரிந்தது.

"நான் டார்ச் எடுக்கலைன்னு ஒனக்குத் தெரியும்லா? நேத்து ஏன் வாயத் தொறக்கல? என்னைக் காப்பாத்தச் சொல்லி ஒன்னைக் கேட்டேனா?"

நிமிர்ந்தாள். கோபம் எதுவும் இல்லை முகத்தில். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காப்பாத்தணும்னு இல்ல அண்ணாச்சி. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அவள் இன்னும் குனிந்துதான் பொறுக்குகிறாள். செயலாளரின் அறை என் அறைக்கு அடுத்த அறைதான்.