கனடா அண்ணையும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

டங்...

அலுமினிய மட்டையில் பந்து படும் சத்தம். குசினியில் யாரோ வெறும் சட்டியைக் கீழே போட்டது போல இருக்கும். ஊரில் எல்லே என்கிற பந்தடி விளையாட்டில் மூங்கில் தடியில் கேட்கும் சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் சுவிஸில் பீல் நகர மைதானத்தின் ஓரத்தில் தேநீர்ப் போத்தலோடு இருந்த நான், அந்த "டங்" கேட்டதும் எழுந்து நின்று கத்தத் தொடங்கிவிடுவேன்.

நம்பமாட்டீர்கள்... அந்தக் காலத்தில் இங்கே எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஒரு பேஸ்போல் ரீம் இருந்தது.

நான் கடிகாரத் தொழிற்சாலையில் முள் பூட்டிக்கொண்டிருந்தேன். அங்கே கூட வேலை செய்த ரெனே, நகரத்து பேஸ்போல் கிளப்பின் பயிற்சியாளர். "உங்கள் ஆட்களைக் கூட்டி வா, ஒரு மாட்ச் விளையாடுவோம்" என்றார். நல்ல ஆள் யாராவது இருந்தால் கிளப்பிலேயே சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அதைக் கேட்டதிலிருந்து சிவாவுக்கு நித்திரை இல்லை. மட்டக்களப்புப் பெடியன், பள்ளிக்கூட எல்லே ரீமில் பேர் எடுத்தவன். இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கோப்பை கழுவ மட்டும்தான் தெரியும் எண்டு இவங்க நினைக்கிறாங்க அக்கா" என்று ஒருநாள் சொன்னான். அந்தக் கிளப் சட்டையை எப்படியாவது போட்டுவிட வேண்டும் அவனுக்கு.

மனேஜர் யார்? வேறு யார், கனடா அண்ணைதான்.

அண்ணை கொஞ்சக் காலம் டொரன்டோவில் தம்பி வீட்டில் இருந்தவர். வரும்போது ஒரு தொப்பி கொண்டுவந்தார். அவருடைய தகுதி அந்தத் தொப்பிதான். "அவருக்குத் தெரியாத பேஸ்போலோ?" என்று சனம் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது. பயிற்சியில் அரைவாசி நேரம் அண்ணையின் பேச்சுத்தான். "கனடாவில இப்பிடித்தான்... தம்பியவை, ஸ்ட்ரெடஜி முக்கியம்!" மிச்ச நேரம் பெடியள் ரெனிஸ் பந்தை வைத்துத் தங்களுக்குத் தெரிந்த எல்லேயை விளையாடினார்கள். ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து பட்டால் அவன் அவுட். சிவா எறிந்தால் தப்பாது. ஒவ்வொரு முறையும் அண்ணை கைதட்டினார்.

பேஸ்போலில் அப்படி ஒரு அவுட்டே இல்லை என்று அந்த மனுசனுக்குத் தெரியாது!

மாட்ச் நாள். உயரமாக வந்த பந்துகளை எல்லாம் எங்கள் ஆட்கள் தாவித் தாவிப் பிடித்தார்கள். கடைசிவரை நாங்கள்தான் முன்னுக்கு. இன்னும் ஒரே ஒரு அவுட் போதும். நிலத்தில் உருண்டு வந்த பந்தைச் சிவா எடுத்தான். முதல் பேஸில் எங்கள் ஆள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். ஓடுகிறவன் வந்து சேருமுன் அவனிடம் எறிந்தால் அவுட், முடிந்தது. சிவா ஓடுகிறவனின் முதுகைப் பார்த்து எறிந்தான்...

பட்டது. நாங்கள் துள்ளினோம், கட்டிப்பிடித்தோம், என் தேநீர் புல்லில் கொட்டியது. நடுவர் தலையை ஆட்டினார். அவுட் இல்லையாம். பந்து வேலிவரை உருண்டு போக, மற்ற பேஸ்களில் நின்றவர்களும் ஓடி வந்து சேர்ந்தார்கள். தோற்றுவிட்டோம்.

சிவா முதலில் அடிபட்டவனிடம் போய் முதுகைத் தடவிவிட்டான். அதற்குள் அண்ணை தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார்.

"உன்ர மண்டைக்குள்ள ஏதும் இருக்கோ? எத்தினை தரம் சொன்னனான்!"

ஒரு தரமும் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, நீங்கள்தானே கை தட்டினனீங்கள்?"

"பொம்பிளையளுக்கு உது விளங்காது தங்கச்சி."

சுற்றி நின்ற சனமும் அவருக்குத்தான் தலையாட்டியது. சிவா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தான். பிறகு அவன் பந்தைத் தொடவேயில்லை. ரீமும் கலைந்துவிட்டது.

அண்ணை கெட்டவர் இல்லை. செத்த வீடு, கலியாண வீடு எதிலும் முன்னுக்கு நிற்பவர். அதனால்தான் யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லையோ என்னவோ...

போன மாதம் ரெனே ஓய்வுபெற்றார். தொழிற்சாலையில் வைனும் சீஸுமாக ஒரு சின்ன விருந்து. என்னைக் கண்டதும் கேட்டார்.

"அந்த எறிகாரன் ஏன் வரவே இல்லை? ஓடுகிற ஆளை அவ்வளவு தூரத்திலிருந்து குறி பார்த்து அடித்தானே! விதி பழக்கலாம், அந்தக் கை கிடைக்காது. செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று உங்கள் மனேஜரிடம் அன்றே சொன்னேன். அவனுக்கு விருப்பமில்லை என்றாரே?"

வைன் கிளாஸை அப்படியே மேசையில் வைத்தேன்.

இப்போது எங்கள் பிள்ளைகள் எல்லாக் கிளப்பிலும் விளையாடுகிறார்கள். சந்தேகம் வந்தால் போனில் பார்க்கிறார்கள், தொப்பி போட்டவரைக் கேட்பதில்லை. கனடா அண்ணைக்கு இந்தக் கோடை விழாவிலும் பொன்னாடை போர்த்தினார்கள். பேஸ்போலை எங்கள் சனத்துக்கு அறிமுகப்படுத்தியவராம். நான் கைதட்டவில்லை.

சிவா இப்போது பீலில் பஸ் ஓட்டுகிறான். தலை நரைத்துவிட்டது. போன கிழமை அவனுடைய பஸ்ஸில் ஏறி, கடைசித் தரிப்பிடம் வரை இருந்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான்.

"விடுங்கக்கா... பழைய கதை."

இறங்கி இரண்டடி வைத்திருப்பேன், கூப்பிட்டான்.

"அக்கா, என்ன கிழமை வரச் சொன்னவராம்?"

"செவ்வாய்."

கதவை மூடப் போன கையை எடுத்தான்.

"அந்த நேரம் எனக்குச் செவ்வாய்தான் லீவு அக்கா."