புளியம்பழமும் படிக்கட்டுப் புள்ளிகளும்

எண்பதுகளின் கடைசியில் தருமபுரி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. "கிராஃபிக்ஸ் தெரியுமா?" என்று முதலாளி கேட்டபோது, "அத்துப்படிங்க" என்று சொல்லிச் சேர்ந்தவன் நான். 'கிராஃபிக்ஸ்' என்ற சொல்லையே அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

1. தீப்பெட்டி அளவு

புளி வியாபாரம் செய்த பாய் ஒருவர் பாக்கெட்டில் ஒட்ட லேபிள் கேட்டார். கொத்தாக மூன்று பழம், தீப்பெட்டி அளவு. இரண்டு மணி பஸ்ஸில் படம் சேலத்துக்குப் போனால்தான் அங்கே அச்சுக்குப் பிளாக் செய்கிறவர் அன்றே கேமராவில் எடுப்பார். தவறினால் சேலத்து ஓவியரிடமே கொடுத்துவிடுவதாகப் பாய் சொல்லியிருந்தார்.

"இந்த ஆர்டர் போச்சுன்னா நீயும் அதே பஸ்ல ஏறிக்கப்பா" என்றார் முதலாளி.

லேபிள் சின்னதுதானே என்று திரையிலும் தீப்பெட்டி அளவிலேயே வரைந்தேன். மவுஸ் கிடையாது. அம்புக்குறி கீயைத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். அந்தப் புள்ளிதான் பிக்ஸல். பிரிண்ட் எடுத்தால் பழத்தின் வளைவெல்லாம் படிக்கட்டு. பெரிதாக்கினால் சரியாகும் என்று நான்கு மடங்கு பெரிதாக்கினேன். சித்தேரி மலைக்கே ஏறிப் போகலாம் போலப் படிக்கட்டும் பெரிதானது.

2. லோ வோல்டேஜ்

மணி பத்து. பாய் உள்ளே வந்தார். நான் சட்டென்று மானிட்டரின் வெளிச்சத்தைத் திருகி அணைத்தேன்.

"லோ வோல்டேஜுங்க பாய்."

"ஃபேன் ஜோரா சுத்துதே தம்பி?"

"அது... வேற லைனுங்க."

"எனக்குப் பொய் வேணாம், பழம் வேணும். அந்தப் பேப்பரைக் குடு."

கொடுத்தேன். வெளிச்சத்தில் பார்க்க அவர் தெரு ஓரம் போய்ப் பேப்பரை உயர்த்திப் பிடித்தார். நாற்காலியிலிருந்து பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூரத்தில் சின்னதாகத் தெரிந்ததில் படிக்கட்டே இல்லை, மூன்று பழம்! பெரிதாக வரைந்து கேமராவில் சுருக்கினால் போதும்.

"பாய், ரெண்டு மணிக்கு வாங்க!" என்று கத்தினேன்.

அழித்துவிட்டுத் திரை முழுக்கப் புதிதாக வரைந்தேன். ஒரு பழத்துக்கே ஒரு மணி நேரம். பிசிஎக்ஸ் ஃபைலாக ஃப்ளாப்பியில் சேமித்தேன். ஒரே நிறப் புள்ளிகள் வரிசையாக வந்தால், 'இந்த நிறம், இத்தனை தடவை' என்று சுருக்கி எழுதிக்கொள்ளும் வகை அது. ஜேபெக் எல்லாம் அப்போது பிறக்கவே இல்லை. தாள் நிறைய பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் 'தீப்பெட்டி அளவுக்குக் குறைக்கவும்' என்று எழுதினேன். பஸ் கிளம்பும்போது ஓடிப்போய், ஏறி உட்கார்ந்துவிட்ட பாய் கையில் திணித்தேன்.

சாயங்காலம் சேலத்திலிருந்து பிளாக் செய்கிறவர் போன் செய்தார்.

"வளைவு அவ்ளோ சுத்தமா இருக்குதுங்க. எந்த ஓவியர் போட்டது?"

முதலாளி என்னைப் பார்த்தபடியே, "நம்ம ஆளுதாங்க, கிராஃபிக்ஸ்ல புலி" என்றார். புலி அப்போது வீங்கிய விரல்களை ஊதிக்கொண்டிருந்தது.

இன்றும் சிலர் தபால்தலை அளவு படத்தை அனுப்பி, "பேனர் சைஸுக்குப் பெருசாக்குங்க சார்" என்கிறார்கள். தம்பிகளே, பெரிய படமாகக் கொண்டு வாருங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கித் தருகிறேன். வரையாத புள்ளியை நான் எந்த மரத்தில் ஏறிப் பறிப்பேன்?